மூன்று கோடைக்குத் தண்ணீர் வேண்டும்

தில்லி ஆர்.கே.புரம் வட்டாரத் தமிழ்ச் சொந்தங்களுக்கு மரக்குழுவின் வணக்கம்.

நம் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள பாறைச் சரிவு உங்களுக்குத் தெரியும். மலை மந்திர் முருகன் கோயில் நிற்கும் குன்றைப் போல அதுவும் ஆரவல்லி மலைத்தொடரின் வால் நுனிதான். அங்கே பச்சையாகத் தெரிவதில் பெரும்பகுதி சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தாருக்குச் சீமைக்கருவேலத்தைப் பற்றி நாங்கள் சொல்லவே வேண்டாம். இங்கே அதற்கு விலாயதி கீக்கர் என்று பெயர். காயை மாடும் ஆடும் தின்னும், சாணத்தோடு விதை விழும், விழுந்த இடத்தில் முளைக்கும். கதை அங்கும் இங்கும் ஒன்றுதான்.

போன மாதம் புதரை விலக்கிப் பார்த்தபோது, திண்டுக்கல் பக்கத்து மாமி ஒருவர் ஒரு மெலிந்த கிளை முன் நின்றுவிட்டார். இலையைக் கிள்ளினார், பால் வடிந்தது. மேலே பழைய காய்கள் இரண்டிரண்டாக நுனி சேர்ந்து தொங்கின. "இது வெட்பாலைடா! எண்ணெய் காய்ச்சுவோமே, அதே மரம்." உண்ணிச்செடி அதன் கழுத்து வரை ஏறியிருந்தது. இன்னும் தேடினோம். புரசு இரண்டு, வெள்வேல் ஒன்று, எல்லாம் வெளிச்சத்துக்கு ஏங்கிக்கொண்டு. இந்த மரங்கள் இந்த மண்ணுக்கும் சொந்தம், நம் ஊருக்கும் சொந்தம். அவற்றை மீட்கத்தான் உங்களிடம் பணம் கேட்கிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு ஒப்பந்தக்காரர் எந்திரத்தைக் கொண்டுவந்து சரிவின் ஒரு பக்கத்தை ஒரே நாளில் வெட்டினார். அடிக்கட்டை மண்ணுக்கு மேலேயே நின்றது, ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்த்தது. அந்த மழைக்காலத்தில் விழா எடுத்து நட்ட கன்றுகளில் அடுத்த ஜூன் வெயிலைத் தாண்டியவற்றை விரல் விட்டு எண்ணலாம். அன்று கன்று நட்டவர்களில் நாங்களும் இருந்தோம். நட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

இந்த முறை வழி வேறு. வசந்த் விஹாரில் பாழடைந்த சுரங்கக் குழிகளை ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவாக மாற்றியதில் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவுக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே கற்றதைத்தான் பின்பற்றப் போகிறோம். சீமைக்கருவேலத்தை அடியோடு சாய்க்கப் போவதில்லை. மொத்தமாக வெட்டினால் பாறை மேல் உள்ள கொஞ்சம் மண்ணும் மழையில் போய்விடும். கிளைகளை மட்டும் கழித்து வெளிச்சத்தை உள்ளே விட்டு, அடியில் நம் மரங்களை வளர்ப்போம். அவை உயர உயரச் சீமைக்கருவேலத்தின் மேல் நிழல் விழும், அது தானாக ஒடுங்கும். 1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி கிளை கழிக்க எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்கிவிட்டோம்.

உண்ணிச்செடிக்கு அரிவாள் உதவாது, வெட்ட வெட்டத் தழைக்கும். மண்ணுக்குள் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் ஆணிவேரைக் குந்தாலியால் அறுத்து, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். வேர் வானத்தைப் பார்த்துக் காய்ந்தால்தான் திரும்பப் பிடிக்காது. குருவிகள் எச்சத்தில் விதை போடுவதால், அவை உட்காரும் மரங்களின் அடியில் வரும் நாற்றுகளை அடுத்தடுத்த வருடங்களிலும் பிடுங்க வேண்டும்.

ஆகவே செலவு நீளும். உண்ணிச்செடி அகற்றவும் கிளை கழிக்கவும் ஆறு பேருக்குப் பதினைந்து நாள் கூலி 72,000 ரூபாய். மூன்று கோடைக்கு டேங்கர் தண்ணீர் 90,000. வாரம் இருமுறை வந்து பார்க்கும் தோட்டக்காரருக்கு மூன்று வருடத்துக்கு 60,000. கருவிகள், கையுறை, முள்வேலிக்கு 18,000. ஆக மொத்தம் 2,40,000 ரூபாய். நடப்போவது 240 கன்றுகள். ஒரு கன்றை மூன்று கோடை தாண்ட வைக்க ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்று அரசு நாற்றங்காலில் கிடைத்துவிடும், தண்ணீர்தான் கிடைக்காது.

இதுவரை 46,000 சேர்ந்திருக்கிறது. முடிந்தவர்கள் ஒரு கன்றோ இரண்டோ ஏற்றுக்கொள்ளுங்கள். நூறு ரூபாய் தந்தாலும் ரசீது உண்டு. மூன்று வருடமும் தீபாவளிக்கு முன் வரவு செலவையும், எத்தனை கன்று பிழைத்தது, எத்தனை பட்டுப்போனது என்ற கணக்கையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

மழை ஜூன் கடைசியில் வந்துவிடும். அதற்குள் குழி தோண்டி முடித்தாக வேண்டும், எனவே பணம் மே மாதத்துக்குள் வந்தால் நல்லது. ஞாயிறு காலை ஆறரை மணிக்குப் பொருளாளர் சரிவின் கீழ்க் கதவருகே இருப்பார். வெட்பாலையைப் பார்க்க வேண்டுமானால் முழுக்கைச் சட்டையும் மூடிய செருப்பும் போட்டு வாருங்கள், முள் அதிகம்.

இப்படிக்கு,
மரக்குழுவினர்