8 ஜிபி என்றால் எத்தனை ஜிபி? சேர்வர் வாடகைக்கு விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். திருகோணமலையில் கொட்பே துறைமுகத்தை ஒட்டிய சில மீன் வாடிகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன் நான். உங்களில் ஒருவரிடம்தான் 8 ஜிபி நினைவகம் கொண்ட மெய்நிகர் சேர்வர் (ஒரு பெரிய கணினியைப் பலருக்குப் பங்கு போட்டதில் ஒரு பங்கு) ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தேன். பெயர் வேண்டாம்.

விடிய வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம்தான் எங்களுக்கு நெருக்கடி. மீன் தராசில் ஏறும்போதே ஐஸ் காசு, டீசல் காசு கழித்துத் துண்டு கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து சேர்வர் அரை நிமிடம் உறைந்துவிடும். உள்ளே பார்த்தால் 3 ஜிபி மிச்சம் என்கிறது லினக்ஸ். நினைவகம் போதாதபோது டிஸ்கில் எடுக்கும் இடமான ஸ்வாப் தொடப்படவே இல்லை. கேட்டால் "உங்கட புரோகிராமிலதான் பிழை" என்ற பதில். அதை நம்பி இரண்டு கிழமை என் நிரலையே தோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது: எங்கள் மெய்நிகர் சேர்வர்களையெல்லாம் கீழே இருந்து தாங்கும் ஹோஸ்ட் இயந்திரம், தன்னிடம் உள்ளதைவிட அதிக நினைவகத்தை எங்களுக்கெல்லாம் பங்கு போட்டிருந்தது. இரவு முழுக்கத் தூங்கிய என் தரவுத்தளத்தின் பக்கங்களை, அதாவது நினைவகத்தின் சிறு கூறுகளை, "யாரும் தொடவில்லை" என்று அது டிஸ்கிற்குத் தள்ளிவிட்டது. விடிந்ததும் அவை 4 கேபி, 4 கேபியாகத் திரும்பி வர வேண்டியிருந்தது.

இதில் எந்த கேர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தவறு செய்யவில்லை என்பதுதான் வேடிக்கை. உள்ளே இருக்கும் கேர்னல், சும்மா கிடக்கும் நினைவகத்தையெல்லாம் கோப்பு கேஷாக (டிஸ்கில் உள்ள கோப்புகளின் தற்காலிகப் பிரதிகளாக) நிரப்பிக்கொள்ளும். அது அதன் இயல்பு. ஆனால் எது தூக்கி எறியக்கூடிய கேஷ், எது உயிர்நாடியான தரவு என்று ஹோஸ்டுக்குத் தெரியாது. அதற்கு எல்லாமே ஒரே நிறப் பக்கங்கள்.

இதற்கு வழி புதிதல்ல. மெய்நிகராக்க நிறுவனமான விஎம்வேரின் இஎஸ்எக்ஸ் சேர்வர் மென்பொருளில் பலூன் முறையைக் கையாண்டதைப் பற்றி கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இலேயே எழுதிவிட்டார். உள்ளே ஒரு டிரைவர் ஊதிப் பெருத்து நினைவகத்தைப் பிடித்துக்கொள்ளும். எதை விட்டுக்கொடுப்பது என்று உள்ளே இருக்கும் கேர்னலே தீர்மானிக்கும், பெரும்பாலும் கேஷைத்தான் முதலில் விடும். பிடித்ததை ஹோஸ்ட் வேறு யாருக்கும் கொடுக்கலாம். சரி, இதிலும் ஆபத்து உண்டு. அளவு மீறி ஊதினால் நினைவகம் தீர்ந்தால் இயங்கும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் வந்து ஆகப் பெரிய புரோசெஸைக் கொல்லும்; எங்களிடம் அது தரவுத்தளம்தான். ஆகவே இதற்குக் கீழே இறங்கமாட்டோம் என்று ஓர் எல்லை வேண்டும்.

கேஎஸ்எம் விஷயமும் சொல்லவேண்டும். 2009-இல் லினக்ஸ் 2.6.32-உடன் வந்த இந்த வசதி, வெவ்வேறு மெய்நிகர் இயந்திரங்களில் உள்ள ஒரே மாதிரியான பக்கங்களை ஒன்றாக்கி இடம் மிச்சம் பிடிக்கும். ஆனால் பகிர்ந்த பக்கத்தில் எழுதும்போது ஏற்படும் தாமதத்தை அளந்தே பக்கத்து இயந்திரத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க முடியும். பகிர்ந்த பக்கங்கள் வழியாகத் தகவல் கசியலாம் என்ற இது போன்ற கவலையால்தான், இயந்திரங்களுக்கிடையிலான பகிர்வை யாரும் கேட்காவிட்டால் நிறுத்தியே வைப்பது என்று விஎம்வேர் 2014-இல் முடிவெடுத்தது. வெவ்வேறு வாடிக்கையாளருக்கிடையில் இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

4 கேபிக்குப் பதில் 2 எம்பி அளவில் வரும் பெரிய பக்கங்களிலும் அப்படித்தான், நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. மெய்நிகராக்கத்தில் நினைவகத்தின் ஒரு முகவரியைத் தேட, வழக்கமான நாலு அடுக்கு அட்டவணைகளில் மோசமான நிலையில் 24 தடவை நினைவகத்தைத் தொட வேண்டும். உள்ளேயும் ஹோஸ்டிலும் 2 எம்பி பக்கங்கள் என்றால் 15. வேகம் கூடும், பகிர்வது கஷ்டமாகும். எதைத் தேர்ந்தீர்கள் என்று சொன்னால் போதும்.

எல்லோருக்கும் முழு 8 ஜிபியையும் பூட்டி வையுங்கள் என்று கேட்கவில்லை. சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் பல வருடம் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன். ஒதுக்கிவிட்டுப் பயன்படுத்தாமல் விடுவதன் நட்டம் எனக்கும் தெரியும். விலை கூடினால் வாடிக்காரரும் தாங்கமாட்டார்.

ஆனால் அடுத்த மாத பில்லில் இரண்டு எண்களைப் போடுங்கள்: எப்போதும் உறுதியாகக் கிடைப்பது எவ்வளவு, கிடைத்தால் கிடைக்கக்கூடியது எவ்வளவு. அப்புறம், ஹோஸ்ட் ஸ்வாப் செய்யத் தொடங்கினால் எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், விடிய நாலு மணியானாலும் பரவாயில்லை. அந்த நேரம் நான் விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
கொட்பே வாடிகளின் கணக்குக்காரன்,
திருகோணமலை