ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகத்துக்கு: 2030-க்குப் பிறகு எங்கள் கமடோர்கள் என்ன ஆகும்?

ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் ஆஸ்திரேலியக் கார் நிறுவனமான ஹோல்டனின் பெயரையே கைவிடுவதாக 2020 பிப்ரவரியில் அறிவித்தீர்கள். அப்போது, உதிரி பாகமும் சர்வீஸும் குறைந்தது 10 ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தீர்கள். அந்தக் கெடு 2030-ல் முடிகிறது. ஹோல்டனின் கமடோர் கார்களில், ஆஸ்திரேலியாவிலேயே கட்டப்பட்ட கடைசித் தலைமுறையான வி.எஃப்.-ஐ இன்னும் தினமும் ஓட்டுகிறவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

எஞ்சினைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. 3.6 லிட்டர் வி6-ம், 2015 கடைசியில் வந்த 6.2 லிட்டர் வி8-ம் உங்கள் மற்ற கார்களிலும் ஓடியவை; அமெரிக்காவிலிருந்தாவது பாகம் வந்துவிடும். சிக்கல் உடம்பில்தான். எடையைக் குறைக்க பானெட்டையும் டிக்கி மூடியையும் அலுமினியத்தில் செய்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் நசுங்கிய அலுமினியத்தைத் தட்டி நிமிர்த்துவது எல்லாப் பட்டறைக்காரருக்கும் கைவந்த தொழில் அல்ல. பெரும்பாலும் புதிய பானெட்தான் மாட்ட வேண்டியிருக்கும். முகப்பு விளக்கு, பம்பர், டாஷ்போர்டு எதையும் வேறு காரிலிருந்து எடுத்துப் பொருத்த முடியாது. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இன்னும் மோசம். உடைத்த காரிலிருந்து ஒன்றைக் கழற்றி வந்தாலும், நம் காருக்கு ஏற்ப அதை அமைக்க உங்கள் மென்பொருள் வேண்டும். அதை நிறுத்திவிட்டால் நல்ல நிலையில் இருக்கும் கார்கூட நின்றுவிடும்.

ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் ஆலையை மூடியது சரியா என்று இப்போது வழக்காட வரவில்லை. 2017 அக்டோபர் 20 அன்று அடிலெய்டின் எலிசபெத் பகுதியிலிருந்த அந்த ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியேறியது. 900-க்கும் மேற்பட்டோர் அன்றோடு வேலை இழந்தார்கள். அதை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் இந்தக் கார் உங்கள் பணத்தில் மட்டும் உருவானதல்ல. மூடும் முடிவை அறிவித்த 2013-க்கு முந்தைய 12 ஆண்டுகளில், இந்த நாட்டின் வரிப்பணத்திலிருந்து ஹோல்டன் பெற்றது 200 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். அந்த உரிமையில்தான் கேட்கிறோம்.

எஞ்சியிருக்கும் வரைபடங்களையும் தகடு அழுத்தும் அச்சுகளையும் நியாயமான உரிமக் கட்டணத்தில் உள்ளூர் உற்பத்தியாளர்களுக்குக் கொடுங்கள். பழைய ஹோல்டன்களுக்குப் பாகம் செய்துதரும் ரேர் ஸ்பேர்ஸ் போன்ற நிறுவனங்கள் இங்கேயே இருக்கின்றன. பெட்டிகளை அமைக்கும் மென்பொருளைத் தனியார் மெக்கானிக்குகளுக்கு நிரந்தரமாகத் திறந்துவிடுங்கள். பழுதுபார்ப்புத் தகவலைப் பகிர வேண்டும் என்று 2022 ஜூலை முதல் ஆஸ்திரேலியச் சட்டம் சொல்கிறது. ஆனால் தகவலை மட்டும் வைத்துக்கொண்டு உடைந்த விளக்கை மாற்ற முடியாது.

வாங்க ஆள் இருக்காது என்று நினைக்க வேண்டாம். இதே காரை செவர்லே எஸ்.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவிலும் விற்றீர்கள். அங்கே இருப்பவர்களுக்கும் இந்தப் பாகங்கள் தேவைப்படும்.

முதல் வேலையாக, எந்த அச்சுகள் கையில் இருக்கின்றன, எவை அழிக்கப்பட்டுவிட்டன என்ற பட்டியலை இந்த ஆண்டே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வி.எஃப். கமடோர் உரிமையாளர் ஒருவர்,
அடிலெய்டு