கவ்வாத்துச் சாமி பேயல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு மாதத்துக்கு முன்பு உங்கள் ஞாயிறு இதழ் ஒரு மாயாஜால நாவலுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தது. எந்த நாவல் என்று உங்களுக்கே தெரியும். மலையகத்தின் முதல் மாயக்கதை என்று அதில் இருந்த ஒரு வரியை நம்பி, கொழும்புக்குப் போன தம்பியிடம் சொல்லி வாங்கினேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் அக்கா இரண்டு நாள் பேர் போட்டு முழு வேலை செய்தால்தான் அந்தக் காசு வரும்.

600 பக்கத்தையும் வாசித்தேன். பறக்கும் நாகம் வருகிறது, பனிக்கோட்டை வருகிறது. சரி, வரட்டும். கவ்வாத்துச் சாமியை, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் வேலைக்குக் காவலான சாமியை, நரபலி கேட்கும் பேயாக்கியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் தாத்தா கவ்வாத்து வெட்டியவர். மலையில் வேலை தொடங்குமுன் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசுவார். கத்தியைச் சாக்குத் துண்டால் துடைத்து அதன் முன்னால் வைத்துத் தேங்காய் உடைப்பார். "யாரு கையும் வெட்டுப்படக் கூடாதுப்பா" என்று மட்டும்தான் வேண்டுவார். எங்கள் ஆட்களின் இரத்தம் சிந்தக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பூசையே.

கற்பனைதானே என்பார்கள். ஹற்றனிலிருந்து பதுளைக்குக் கதாநாயகன் விடிவதற்குள் நடந்து போய்ச் சேர்கிறான். ரயிலுக்கே நாலைந்து மணித்தியாலம் பிடிக்கிற மலை ஐயா இது.

அப்புறம் அந்த 'முதல்' என்ற சொல். மாசியில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றி, சிவன் கண் பட்டுக் காமன் எரிந்து, ரதி வேஷம் கட்டியவர் எங்கள் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் அழுதுகொண்டு வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், இயந்திரச் சக்கரத்துக்குக் காவலான ரோதமுனி இருக்கிறார் என்று பயந்து அந்தப் பக்கமே போகமாட்டோம். இவையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ந்தவை?

சம்பளப் பிரச்சினை வந்தால்தான் உங்களுக்கு எங்கள் ஞாபகம் வருகிறது. என்ன எழுதினாலும் கூடை சுமந்த பெண்ணின் அதே படம்தான். 2023இல், எங்கள் ஆட்கள் இந்தியாவிலிருந்து இந்தத் தோட்டங்களுக்கு வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த நேரம் தாத்தா சொன்ன முனிக் கதைகள் ஐந்தை எழுதி உங்களுக்கு அனுப்பினேன். கிடைத்தது என்றுகூட ஒரு வரி வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று கடிதம் போட்டேன், பதிலில்லை. நாவலுக்கு மட்டும் முழுப் பக்கம் இருக்கிறது.

அந்தக் கதைகளைப் போட விருப்பமில்லை என்றால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். தாத்தா இப்போது இல்லை. என்னிடம் வேறு பிரதியும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அப்புத்தளை.