குறுக்கு வழியில் வென்ற படகா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க நாட்டின் 'அமெரிக்கா' என்ற பாய்மரப் படகு 1851 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி ஆங்கிலப் படகுகளோடு நடந்த பந்தயத்தில் குறுக்கே போய்த்தான் வென்றது என்று இன்றும் சொல்கிறார்கள். வழிகாட்ட விளக்கோடு கடலில் நங்கூரமிட்டு நிற்கும் நாப் விளக்குக் கப்பலுக்கு உட்புறமாக, அதாவது கரைப்பக்கமாக, அது போனது உண்மைதான். ஆனால் அதற்குக் கொடுத்த விதித்தாளில் வெளியே சுற்றச் சொல்லவில்லை. எழுந்த ஆட்சேபமும் நிற்கவில்லை.

வேகம் வந்தது ஜார்ஜ் ஸ்டியர்ஸ் வகுத்த உடலிலிருந்து. அன்றைய ஆங்கிலப் படகுகளுக்கு அணியம், அதாவது முன்பகுதி, பருத்து, பின்புறம் மெலிந்திருக்கும். அலையை முட்டித் தள்ளியே போகும். ஸ்டியர்ஸ் அணியத்தைக் கூராக்கி, பக்கங்களை உட்குழித்து, அகலத்தை நடுவுக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் பிளந்து வழிவிட்டது.

பாயையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலேயரின் ஆளிநார்ப் பாய் இழை தளர்ந்தது, காற்று ஒழுகும். அதை அடைக்கத் தண்ணீர் இறைத்து நனைப்பார்கள். அடிவிளிம்பும் கட்டப்படாததால் பைபோல் உப்பும். எதிர்காற்றில் ஏறும்போது அந்த உப்பல் படகை முன்னே இழுக்காமல் பக்கவாட்டில் சாய்க்கும். 'அமெரிக்கா'வின் பாய் இயந்திரத்தில் நெருக்கி நெய்த பருத்தி. அடிவிளிம்பு முழுவதும் கயிற்றால் பாயின் அடியிலுள்ள மரத்தண்டோடு பிணைக்கப்பட்டுத் தட்டையாக நின்றது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் புளோரிடா ஆறொன்றில் மூழ்கடிக்கப்பட்டு, மீட்கப்பட்ட பிறகும், தன் பெயரிலேயே அமைந்த 'அமெரிக்கா கோப்பை'க்கான 1870 பந்தயத்தில் அது நான்காவதாக வந்தது. 19 வயதான மரப்படகு! 1942-இல் அனாபொலிஸில் பனிச்சுமையால் கொட்டகைக் கூரை இடிந்து அதன்மேல் விழுந்தது. பிறகு உடைத்துவிட்டார்கள்.

– ஒரு வாசகர்