சீட்டில் ஒரு வரிக்கு இடம் விடுங்கள்

புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறைக்கு வெளியே உட்கார்ந்து எடையும் ரத்த அழுத்தமும் பார்த்துச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்பும் செவிலியர்களில் ஒருத்தி நான். உங்களிடம் சொல்லாத பலவற்றை நோயாளிகள் எங்களிடம் கொட்டிவிடுகிறார்கள். கையில் பட்டையைச் சுற்றும்போதே பேச்சு தொடங்கிவிடும். "வேலை போயிடுச்சு சிஸ்டர், வீட்ல இன்னும் சொல்லல." "பையன் பேசியே ரொம்ப நாளாச்சு." சீட்டில் நான் எழுதுவது 150/96 மட்டும். மற்றது மேசையோடு நின்றுவிடுகிறது.

பல வருடமாக அழுத்தம் கட்டுக்குள் இருந்த ஒரு அம்மா, திடீரென்று அளவு எகிறி வந்தார். உள்ளே மாத்திரையின் வீரியம் கூட்டப்பட்டது. அவர் கணவர் இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது என்பதும், மாத்திரை வாங்கிவந்து வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்தவர் அந்தக் கணவர்தான் என்பதும் எனக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியாது. பழைய மாத்திரையையே அவர் சாப்பிடவில்லை. ராத்திரித் தூக்கமும் இல்லை. போய்ச் சொன்னேன், மருத்துவரும் கோபிக்காமல் மாற்றி எழுதினார். கூட்டம் அதிகமான நாளாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. 1969-இல் பிரிட்டனில் வந்த ஆய்வு ஒன்று, மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தது. முதல் ஆறு மாதங்களில் இறந்தவர்கள் 213 பேர். அந்த வயதில் எதிர்பார்க்கக்கூடியதைவிட 40 சதவீதம் அதிகம்; கூடுதல் சாவுகளில் பெரும்பங்கு இதய நோயால். கட்டுப் போடும் அறையில் வேலை பார்த்தவள் என்பதால் என் மனதில் நிற்பது இன்னொன்று. 1995-இல், மறதி நோய் வந்த உறவினரைப் பராமரித்துவந்த பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். அத்தகைய சுமை இல்லாதவர்களைவிட ஏறக்குறைய ஒன்பது நாள் தாமதமாகத்தான் அது ஆறியது. சர்க்கரை சரியாக இருந்தும் புண் ஆறாமல் வருபவரிடம், வீட்டில் யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

அதற்காக மதிப்பெண் போடச் சொல்லவில்லை. 1967-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஹோம்ஸ், ராஹே இருவரும் வாழ்க்கையை மாற்றும் 43 நிகழ்வுகளுக்குப் புள்ளி கொடுத்துப் பட்டியலிட்டார்கள்: துணையின் மரணத்துக்கு 100, திருமணத்துக்கு 50, பணி ஓய்வுக்கு 45. நல்லது நடந்தாலும் உடம்பு அதற்குப் பழக வேண்டியிருக்கிறது என்று காட்டியது அதன் சிறப்பு. ஆனால் ராஹே பிறகு கடற்படை மாலுமிகளிடம் சோதித்தபோது புள்ளிகளுக்கும் நோய்க்கும் இருந்த தொடர்பு மெலிதாகவே வந்தது. கூட்டுத்தொகையை வைத்து ஒரு தனி மனிதருக்கு ஜோசியம் சொல்ல முடியாது. அதே இழப்பை ஒருவர் தாங்குவார், இன்னொருவர் படுத்துவிடுவார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான்.

என் பெரிய வருத்தம் வேறு. ஈசிஜி சரி, ரத்தப் பரிசோதனை சரி என்றதும், "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன்தான்" என்று அனுப்பிவிடுகிறீர்கள். என்ன டென்ஷன் என்று கேட்பவர் குறைவு. வெளியே வந்து, "நான் நடிக்கிறேன்னு நினைச்சிட்டாரா சிஸ்டர்?" என்று கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல? சில சமயம் அந்த வார்த்தை பரிசோதனைக்கு முன்பே வந்துவிடுகிறது, அதுவும் நெஞ்சுவலியோடு வரும் பெண்களிடம். வயிற்றுப்புண்ணுக்கு எத்தனை காலம் கவலையைக் காரணம் சொன்னோம்! 1980-களில் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மார்ஷலும் வாரனும் அதற்குக் காரணமாக ஒரு பாக்டீரியாவைக் காட்டினார்கள். 2005-இல் நோபல் பரிசும் வந்தது. மன உளைச்சலைக் கேட்பது, பரிசோதனையைக் கைவிட ஒரு சாக்காக ஆகக்கூடாது. புற்றுநோய் வந்தவர் "நான் கவலைப்பட்டதாலதான் வந்துச்சா?" என்று கேட்டால், அதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நோயோடு பழியையும் அவர் சுமக்க வேண்டாம்.

சீட்டு அடுத்த முறை அச்சுக்குப் போகும்போது, எடைக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள்: கடந்த ஓராண்டில் இழப்பு, பிரிவு, வேலை, கடன், வீட்டில் நோயாளி. கேட்பது எங்கள் பொறுப்பு. பட்டையை அவிழ்த்த பிறகுதான் கேட்போம். பேசிக்கொண்டே பார்த்தால் அளவு ஏறிக் காட்டும் என்பது தெரிந்ததுதானே. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த மாட்டோம். சீட்டு பல கைகளுக்குப் போகும் என்பதால் விவரம் எழுதாமல் ஒரு குறி மட்டும் இடுகிறோம். மீதியை நீங்கள் கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
வெளி மேசையில் இருக்கும் ஒரு செவிலியர்