தன்விளம்பர விதியை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஒருங்கிணைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். நம் கட்டற்ற மென்பொருள் குழுவுக்காக நீங்கள் எழுதியுள்ள விதிகளின் வரைவைப் படித்தேன். குழுவின் எந்த இடத்திலும் எவரும் தம்மையோ தம் படைப்பையோ விளம்பரப்படுத்தக் கூடாது என்று அதன் முதல் வரி சொல்கிறது. அந்த வரியை அப்படியே நிறைவேற்றிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

விதி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. தரவுத்தள அறிமுகம் என்று அறிவிக்கப்பட்ட சென்ற மாத உரை, இருபதாவது நிமிடத்தில் கட்டணப் பயிற்சி வகுப்புக்கு ஆள் சேர்க்கும் பேச்சாக மாறியதையும், கடைசித் திரையில் கியூஆர் குறியீடும் தள்ளுபடி விலையும் வந்து நின்றதையும் நாம் எல்லோரும் பார்த்தோம். விடுமுறை நாளைச் செலவிட்டு வந்தவர்கள் முகம் சுளித்ததில் வியப்பில்லை.

ஆனால் அன்றைய தேநீர் இடைவேளையில் நடந்த ஒன்றை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகளை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்றை ஒரு கல்லூரி மாணவி என்னிடம் இயக்கிக் காட்டினார். பாமினியில் ‘கொ’ என்று எழுத ஒற்றைக்கொம்பை முதலில் தட்ட வேண்டும். யூனிகோடிலோ ககரம் முதலில் வரும். இந்த வரிசை மாற்றத்தில் பல மாற்றிகள் சறுக்குவதை மொழிபெயர்ப்புப் பணியில் நான் நாள்தோறும் காண்கிறேன். அவருடைய நிரல் சறுக்கவில்லை. எல்லோருக்கும் காட்டலாமே என்றேன். “தன்விளம்பரம் கூடாதுன்னு விதி வரப்போகுதாமே” என்று சொல்லி மடிக்கணினியை மூடிவிட்டார்.

பயிற்சி வகுப்பை விற்க வந்தவரையும் இந்த மாணவியையும் ஒரே சொல்லால் தடுக்கும் விதி, முன்னவரைவிடப் பின்னவரையே கடுமையாகத் தாக்கும். பழகியவர்களுக்கு வேறு வழி தெரியும். புதியவர்கள் வாய் திறக்காமல் போய்விடுவார்கள். நிரலை எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் தாராளமாக அனுமதிக்கும் எம்ஐடி உரிமம்கூட, எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பை நீக்கக் கூடாது என்கிறது. இதை நான் எழுதினேன் என்று சொல்வது கட்டற்ற மென்பொருளில் தொடக்கம் முதலே இருந்துவரும் உரிமை.

அந்த உரிமை எங்கே அத்துமீறலாகிறது என்பதற்கு நம் துறையிலேயே பாடங்கள் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் மென்பொருளுக்கு வகுத்த பழைய பிஎஸ்டி உரிமம், அம்மென்பொருளைக் குறிப்பிடும் ஒவ்வொரு விளம்பரத்திலும் அதை உருவாக்கியவர்களின் பெயரைச் சொல்லும் ஒரு நன்றி வரியைச் சேர்க்கச் சொன்னது. ஒரு வரிதானே என்று தோன்றும். பிறரும் தத்தம் பெயரை இட்டு அவ்வரியைப் பின்பற்றியதால், நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 1997ஆம் ஆண்டுப் பதிப்பொன்றில் இத்தகைய 75 வரிகளைக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். 1999இல் அப்பல்கலைக்கழகம் அந்த நிபந்தனையைக் கைவிட்டது.

இதைவிட நமக்கு நெருக்கமானது 2019 ஆகஸ்டில் நடந்தது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ‘ஸ்டாண்டர்ட்’ என்ற நிரல் தொகுப்பை நிறுவும்போது, கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரையில் புரவலர் நிறுவனத்தின் விளம்பரம் தோன்றத் தொடங்கியது. தொகுப்பைப் பராமரித்துவந்தவருக்குப் பணம் தேவைப்பட்டது உண்மை. அதில் குற்றமேதும் இல்லை. ஆனால் பிழைச் செய்திகளைத் தேடும் இடத்தில் விளம்பரம் வந்து நிற்பதைப் பயனர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை. சில நாள்களில் அம்முயற்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், இத்தகைய தொகுப்புகளை நிறுவ உதவும் என்பிஎம் என்ற கருவி ‘ஃபண்ட்’ என்ற கட்டளையைக் கொண்டுவந்தது. நிறுவி முடிந்ததும், இத்தனை தொகுப்புகள் நிதி நாடுகின்றன என்று ஒரே ஒரு வரி வரும்; விவரம் வேண்டுவோர் கட்டளையைத் தட்டிப் பார்த்துக்கொள்ளலாம். பராமரிப்பாளரின் தேவையும் மறைக்கப்படவில்லை, பயனரின் திரையும் பறிபோகவில்லை. இந்த வரம்பைத்தான் நம் விதியிலும் காண விரும்புகிறேன். இணையதளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் செருகுநிரல்களுக்கான நெறிகளும் இதையே சொல்கின்றன: தளத்தின் பொதுப் பக்கத்தில் செருகுநிரல் தன் பெயரையும் இணைப்பையும் காட்ட வேண்டுமானால், தள உரிமையாளரின் வெளிப்படையான ஒப்புதலைப் பெற வேண்டும்.

ஆகவே, கேட்பவர் விலகிச் செல்ல முடியாத இடங்களில், அதாவது நிறுவும் திரையிலும், பிழைச் செய்தியிலும், வேறு தலைப்பில் அறிவிக்கப்பட்ட உரையிலும், விளம்பரத்தை முற்றாகத் தடை செய்யுங்கள். மற்ற இடங்களில், தமக்கு அதில் என்ன பயன் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுப் பேச அனுமதியுங்கள். விற்பனைப் பொருளாயினும் இலவச நிரலாயினும் இந்த ஒளிவுமறைவற்ற முன்னுரை கட்டாயமாக இருக்கட்டும்.

சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் மென்பொருளை நிறுவும் நிரலின் முதல் திரையில் புரவலர் ஒருவரின் சின்னம் இரண்டு ஆண்டுகளாக இருக்கிறது. ஒருங்கிணைப்புக் குழு உறுப்பினர்கள் சிலர் அந்தப் புரவலர் நிறுவனத்தில் பணிபுரிகிறார்கள். அவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆயினும் மாணவியின் நிரலுக்குப் பொருந்தும் விதி அந்தச் சின்னத்துக்கும் பொருந்த வேண்டும். அதைப் பற்றி முடிவெடுக்கும்போது அந்த உறுப்பினர்கள் வாக்களிக்காமல் விலகியிருக்க வேண்டும்.

வரைவு அடுத்த சந்திப்பில் முடிவாகும் என்று அறிகிறேன். அந்த மாணவியை நான் அழைத்து வருகிறேன். விவாதம் தொடங்குமுன் அவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள்.

அன்புடன்,
மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள ஒரு தன்னார்வலர்