மாமாவுக்கு: டார்லிங்டன் சீட்டை விட்டுவிட்டேன்

அன்புள்ள மாமா,

அமெரிக்காவின் நாஸ்கார் கார் ரேஸ் பார்க்க டார்லிங்டன் ஓடுதளத்தில் நான் வருஷாவருஷம் எடுக்கும் சீட் இரண்டையும் இந்த வருஷம் புதுப்பிக்கவில்லை. அத்தை மூலமாக அரைகுறையாகக் காதில் விழுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரி விடு" என்று மழை, தென்னை என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். இங்கே எழுதினால் கடைசிவரை படிப்பீர்கள். கூடவே நாலு பேர் படிப்பார்கள் என்பதும் தெரியும். அதனால் சில இடங்களில் நான் நிறுத்திக்கொண்டால் உங்களுக்குப் புரியும்.

2025 நவம்பர் 2, ஃபீனிக்ஸ், அந்த வருஷத்தின் கடைசி ரேஸ். டென்னி ஹாம்லின் 208 சுற்று முன்னால் ஓடினார். 60 ரேஸ் ஜெயித்தும் பட்டம் மட்டும் கைக்கு வராத மனுஷன். முடிய மூன்று சுற்று இருக்கும்போது இன்னொருவருடைய டயர் போய், கார் சுவரில் மோதி, மஞ்சள் கொடி. எல்லோரும் வேகத்தைக் குறைத்து டயர் மாற்றப் போனார்கள். ஹாம்லின் நாலு டயரும் மாற்றினார், கைல் லார்சன் இரண்டை மட்டும் மாற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வெளியே வந்தார். அவ்வளவுதான். அன்றைக்கு ஒரு சுற்றுகூட முன்னால் ஓடாதவர் சாம்பியன். லார்சன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அருமையான ஓட்டுநர். விதியை அவரா எழுதினார்? பிப்ரவரியிலிருந்து ஓடிய ஓட்டம் முழுவதையும் ஒரே மத்தியானத்தில் நாலு பேருக்குள் யார் முன்னால் வருகிறார் என்று மட்டும் பார்த்து முடித்துவைக்கும் அந்த ஏற்பாட்டை 2014-லிருந்து சகித்துக்கொண்டிருந்தேன். அன்று முடியவில்லை. டிவியை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தபோது ராக்கிங்ஹாம் ஓடுதளம் நினைவுக்கு வந்துவிட்டது.

2004, பிப்ரவரி 22. அதுதான் அங்கே கடைசி கப் ரேஸ் (நாஸ்காரின் முதல்தரப் போட்டி) என்று அப்போது நமக்குத் தெரியாது. அந்த ஓடுதளம் டயரை அரைத்துத் தின்றுவிடும், டயரைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்குத்தான் அந்த ஊர் என்று நீங்கள் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். கடைசிச் சுற்றில் மேட் கென்செத்தும் புதுப்பையன் கேசி கேனும் கதவோடு கதவு உரச வந்தார்கள். 0.010 வினாடி. கூட்டம் மொத்தமும் எழுந்து கத்துகிறது, நானும் கத்துகிறேன். திரும்பிப் பார்த்தால் நீங்கள் உட்கார்ந்தபடி, முழங்கால் மேல் அந்த நீல நோட்டு. கென்செத்துக்கு வெற்றிப் புள்ளி போட்டுவிட்டு, இரண்டாமிடத்துக்கு 170, மூன்றுக்கு 165, நாலுக்கு 160 என்று இறங்கிக்கொண்டிருந்தீர்கள். கறுப்பு மூன்றாம் நம்பர் தொப்பி நெற்றிவரை இறங்கியிருந்தது. விரல் குளிரில் விறைத்து, எழுத்து கோணிக்கொண்டு போனது.

"எதுக்கு மாமா இந்த வெட்டி வேலை? செப்டம்பர்ல எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கப் போறாங்க."

என் சிநேகிதர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டீர்கள். வீடு வரும்வரை ரேடியோ மட்டும்தான் பேசியது.

தப்பு மாமா. அவர்கள் முன்னால் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நான் சொன்னது பொய்யில்லையே! முந்தைய வருஷம் கென்செத் ஒரே ஒரு ரேஸ் ஜெயித்துப் பட்டம் வாங்கினார், எட்டு ஜெயித்த ரயன் நியூமன் ஆறாமிடம். சப்பென்று இருக்கிறது என்று ஜனங்கள் புலம்பினார்கள். 26 ரேஸ் முடிந்ததும் முதல் பத்துப் பேரைக் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிறுத்தி, மிச்சப் பத்தில் மோதவிடலாம் என்று மாற்றினார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது, இருபத்துநாலு வயது. "ஒரு நாள் உற்பத்தியை வெச்சு மில்லை எடை போடுவாங்களா, மாப்ளே? வருஷம் பூரா ஸ்பிண்டில் நிக்காம ஓடணும்" என்று நீங்கள் சொன்னதைக் கிழவர் பேச்சு என்று நினைத்தேன். உங்கள் மில்லே அதற்குள் மூடியாகிவிட்டது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

அந்தக் கோடையிலேயே கோயம்புத்தூருக்குக் கிளம்பிவிட்டீர்கள். காரணம் மில் என்று ஊர் சொல்கிறது. மற்றது நமக்குள் இருக்கட்டும்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். என்னை இதற்குள் இழுத்துவிட்டதே நீங்கள்தானே? 1950-லிருந்து லேபர் டே (செப்டம்பர் ஆரம்பத்து விடுமுறை) என்றால் டார்லிங்டன் என்று இருந்ததை அந்த வருஷம் கலிஃபோர்னியாவுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். பதினோரு வருஷம் அந்தத் தேதி ஊர் ஊராக அலைந்தது. நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். 2015-ல் அது டார்லிங்டனுக்கே வந்தபோது இரண்டு சீட் எடுத்தேன், ஒன்று உங்களுக்கு. பத்து வருஷம் அதில் என் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்களோ கல்யாண வீட்டில், சொந்தக்காரர்கள் நடுவில், "நாஸ்கார்காரன் என்ன செஞ்சாலும் இவன் காசு கட்டுவான்" என்றீர்கள். நான் ராக்கிங்ஹாமில் சொன்னதற்கு அது சரியாகப் போயிற்று என்று வைத்துக்கொள்ளட்டுமா?

மாறியதெல்லாம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். நாம் கார் நிறுத்தும் புல்வெளியில் அந்தக் கான்ஃபெடரேட் கொடிகள் (அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் கொடி) பறந்த இடத்தைக் கடக்கும்போது நீங்கள் என் தோளில் கையைப் போட்டு நடையைக் கூட்டுவீர்கள். ஏன் என்று நீங்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. 2020 ஜூனில் அதைத் தடை செய்தார்கள். அன்று உங்களை அழைத்தேன், ஞாபகமிருக்கிறதா? வேறு ஏதோ பேசினோம். பழசு போச்சே என்று அழுகிற கூட்டத்தில் அதையும் சேர்த்து அழுகிறவர்கள் உண்டு. அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். இதற்கு மேல் இங்கே எழுதவில்லை.

எனக்கு வலிப்பது சின்ன விஷயங்கள். ரேஸ் நடுவே கார் நிறுத்தும் பிட்டில் டயர் கழற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்களே, ஐந்து நட்டுக்கு ஐந்து சத்தம், தறி ஓடுகிற மாதிரி. ஒரு சத்தம் குறைந்தால் "ஒண்ணு விட்டுட்டான்" என்பீர்கள். 2022-லிருந்து சக்கரத்துக்கு ஒரே நட்டுதான் மாமா. விர்ரென்று ஒன்று, முடிந்தது. கண்ணை மூடிக் கேட்க அதில் ஒன்றுமில்லை.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நீங்கள் விட்டுப்போன நீல நோட்டில் 2004-ன் இரண்டு ரேஸ்தான் இருந்தது, டேடோனாவும் ராக்கிங்ஹாமும். மூன்றாவதிலிருந்து நான் எழுதினேன். உங்களுக்குச் சொல்லவில்லை. அந்த வருஷம் பட்டம் கர்ட் புஷ்ஷுக்குப் போனது. பழைய கணக்கில் ஜெஃப் கார்டன். 2007-லும் கார்டன்தான். ஆமாம், உங்களுக்கு ஆகவே ஆகாத அதே கார்டன், உங்கள் கணக்குப்படி இன்னும் இரண்டு பட்டம். கூட்டலை மூன்று தடவை சரிபார்த்தேன். அதன் பிறகும் நிறுத்தவில்லை. 22 சீசன், நாலு நோட்டு.

ஜனவரியில் அறிவித்துவிட்டார்கள். ஆளை வடிகட்டுவதும் கடைசி ரேஸில் நாலு பேர் மோதுவதும் இனி இல்லை. 26 முடிந்து 16 பேர், பத்து ரேஸ், புள்ளி கூட்டிப் பட்டம். அன்று ராக்கிங்ஹாமில் நான் எதற்காக உங்களைக் கேலி செய்தேனோ, ஏறக்குறைய அதைத்தான் இப்போது நல்ல செய்தி என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நானும் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். பிறகு, 36 ரேஸுக்கும் சேர்த்து நீங்கள் கேட்ட ஒரே கணக்கு இது இல்லையே என்று கோபம் வந்தது. சீட்டை நவம்பரிலேயே விட்டாயிற்று. திரும்ப எடுக்கப் போவதில்லை.

அடுத்த மாதம் இங்கிருந்து ஒருவர் கோவை வருகிறார். நோட்டுகளைக் கொடுத்தனுப்புகிறேன். 2026-க்கு ஒரு பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறேன், 36 வரி. உங்கள் பழைய பேனா எழுதவில்லை. புதுசு ஒன்று வைத்திருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை